குறுந்தட்டுக்குச் சந்தனப் பொட்டு

நான் கடைசியாக வேலை பார்த்த கல்லூரியில் அனிமேஷன் படிக்கும் பிள்ளைகள் ஒரு பட்டிமன்றம் வைக்கிறார்களாம். மென்பொருள் கற்க உகந்தது அச்சிட்ட கையேடா, கணினித் திரையில் வரும் வழிகாட்டியா என்பது தலைப்பு. நான் ஓய்வு பெற்று மலாக்கா புக்கிட் காத்திலில் சும்மா உட்கார்ந்திருப்பது தெரிந்து, என்னோடு வேலை பார்த்த இளம் ஆசிரியர்கள் இருவர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நான் புத்தகக் கட்சியில் பேச வேண்டுமாம். "நீங்கல்லாம் புக்க பாத்தே படிச்ச ஜெனரேஷன், மிஸ்" என்றார் ஒருவர். கிழவி என்று சொல்வதைவிட இது மரியாதையாகத்தான் இருந்தது. பேச வரமாட்டேன், எழுதித் தருகிறேன் என்றேன். எழுதிய பிறகு பார்த்தால் இதை எந்தக் கட்சியும் எடுத்துக்கொள்ளாது போலிருக்கிறது. அது அவர்கள் பாடு.

தொண்ணூறுகளின் நடுவில் நான் செங் என்ற இடத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தேன். பள்ளி முடித்த கையோடு சேர்ந்து எட்டு ஆண்டுகள் ஓடியிருந்தன. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, நகத்தளவுச் சில்லில் கம்பி ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒட்டியிருந்தால் இந்தத் தட்டு, ஒட்டாவிட்டால் அந்தத் தட்டு. ஏழாம் ஆண்டில் கண் எரிய ஆரம்பித்தது. எட்டாம் ஆண்டில், எதிரே வரும் பஸ்ஸின் எண்ணைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்க வேண்டியிருந்தது. இந்த வேலையை விட்டால் கண் பிழைக்கும் என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். விட்டால் வயிறு பிழைக்குமா என்று அவர் சொல்லவில்லை.

தொழிற்சாலை அறிவிப்புப் பலகைக்குப் பாதுகாப்புப் படங்கள் வரைந்து கொடுப்பது என் வழக்கம். தலைமுடியைக் கட்டு, கையுறை போடு, ஈரத் தரையில் ஓடாதே என்பது மாதிரி. என் படங்களுக்குப் பெயர் இருந்தது. அந்தத் தைரியத்தில், மலாக்கா டவுனில் 'கணினி அசைவுப்பட நிலையம்' ஒன்றில் ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து வேலையை விட்டேன். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி எங்களை வளர்த்த அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. "பொம்மய ஆட்டி வெக்கிறதுக்கு ஒருத்தன் சம்பளம் குடுக்கிறானா? அவன நம்பலாமா?" என்று கேட்டார். ஆறு மாதம் தற்காலிகம், அதற்குப் பிறகு நிரந்தரக் கடிதம் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினேன். கடிதம் வராவிட்டால் மறுபடியும் நுண்ணோக்கிதான். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். என் கண்ணுக்கும் தெரியும்.

நிலையத்தின் முதலாளி தணிகாசலம் சார். சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் பல ஆண்டுகள் தட்டச்சு வகுப்பு நடத்தியவர். தட்டச்சு இயந்திரங்களை யாரும் சீண்டாத காலம் வந்ததும், அவற்றை ஓரங்கட்டிவிட்டு மூன்று கணினிகளை வாங்கிப் போட்டு, வெளியே பலகையை மாற்றினார். மாற்றியது பலகையை மட்டும்தான். தட்டச்சு வகுப்பில் அவருடைய ஒரே சட்டம்: கண் புத்தகத்தில் இருக்க வேண்டும், விரலைப் பார்க்கக் கூடாது. அசைவுப்படத்துக்கும் அதே சட்டம். கண் புத்தகத்தில் இருக்க வேண்டும், திரையைப் பார்க்கக் கூடாது. படம் வரையும் வேலையில் படத்தைப் பார்க்காமல் இருப்பது எப்படி என்று கேட்டால், "மொதல்ல ஒழுங்கு, அப்பறம்தான் படம்" என்பார்.

மென்பொருளோடு மூன்று தொகுதிகள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் செங்கல் கனம். அவற்றைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் காற்சட்டைப் பையில் போட்டிருப்பார். ஒரு பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு முறை இருந்தது. முதலில் பின்கட்டுக் குழாயில் கை கழுவ வேண்டும். ஆணியில் தொங்கும் துண்டில் துடைத்து, இரண்டு கைகளையும் அவரிடம் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். பதிவேட்டில் பெயர், தொகுதி, பக்க எண், எடுத்த நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைப்பார். நின்றுகொண்டே படிக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு பக்கம். நகல் எடுக்கக் கூடாது, நோட்டில் கையால் எழுதிக்கொள்ளலாம். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டிய பாவத்துக்காக எனக்கு முன்னால் இருந்த ஒருவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்வார்கள். முதல் மூன்று மாதம் கணினியைத் தொடவே இல்லை. அவர் சொல்லச் சொல்ல முதல் தொகுதியை எழுதினோம். பந்து ஒன்று துள்ளுவது எப்படி என்று பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். பந்து ஒருநாளும் துள்ளவில்லை.

எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் ஒன்றுதான். "எல்லாம் மூணாவது வால்யூம்ல இருக்கு. அதுக்கு இன்னும் ஒனக்குப் பக்குவம் வரல." பெரிய பெரிய விஷயமெல்லாம் மூன்றாம் தொகுதியில் இருப்பதாக நாங்களும் நம்பினோம். அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைக்கூடத் தாழ்த்திக்கொள்வோம்.

என்னோடு வேலை பார்த்தவன் ரவீன். என்னைவிட நான்கு வயது இளையவன், ஆனால் எனக்கு முன்பே அங்கே சேர்ந்த டவுன் பையன். புத்தகத்தைக் கண்டாலே அவனுக்குச் சிரிப்பு. மென்பொருளின் புதிய பதிப்பு வாங்கியபோது ஒரு குறுந்தட்டு, அதாவது சிடி, வந்திருந்தது. அதில் முழு வழிகாட்டியும் இருக்கிறதாம். "இன்னும் அஞ்சு வருஷத்துல புக்கெல்லாம் மியூசியத்துல லா. கிளிக் பண்ணா வந்துரும்" என்பான். வந்தது உண்மை. ஆனால் எங்கள் கணினியின் நினைவகத்துக்கு வழிகாட்டியும் மென்பொருளும் ஒரே நேரத்தில் தாங்காது. மென்பொருளை மூடி, குறுந்தட்டைப் போட்டு, வழிகாட்டியைத் திறந்து, படித்து, அதை மூடி, மென்பொருளைத் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். வந்தால் படித்தது மறந்திருக்கும். அதனால் ரவீன் என்ன செய்தான்? வழிகாட்டியைப் பார்த்துப் பார்த்து ஒரு நோட்டில் கையால் எழுதிக்கொண்டான். அச்சுப் புத்தகத்தைப் பார்த்து நான் ஒரு நோட்டு, குறுந்தட்டைப் பார்த்து அவன் ஒரு நோட்டு. இரண்டும் பக்கத்துக் கடையில் வாங்கிய அதே நூறு பக்க நோட்டு. இதில் யார் நவீனம் என்று தினமும் சண்டை போடுவோம்.

ஐந்தாம் மாதம் முடியும்போது ஒரு நல்ல வேலை வந்தது. சுங்கை ஊடாங் பக்கம் எண்ணெய்க் குழாய்ப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் ஒரு குத்தகையாளர் ஒரு நிமிடப் பாதுகாப்புப் படம் கேட்டார். குழாயின் இணைப்பைக் கழற்றுமுன் வால்வுச் சக்கரத்தை வலப்பக்கம் திருப்பி மூட வேண்டும். அதுதான் படத்தின் உயிர். அவருடைய ஆட்களில் தமிழர், வங்காளதேசத்தார், இந்தோனேசியர் என எல்லாரும் உண்டு. எல்லாருக்கும் பொதுவாகப் படிக்கத் தெரிந்த மொழி ஒன்றும் இல்லாததால்தான் படமே கேட்டார். என் பழைய பாதுகாப்புப் படங்களைப் பார்த்துவிட்டு சார் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். "இது ஒழுங்கா போச்சுன்னா ஒனக்கு லெட்டர். போகலன்னா, நீ வேற எடம் பாத்துக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

படத்தைக் கொடுக்க வேண்டிய நாள், சரஸ்வதி பூசைக்கு மறுநாள் காலை பதினொரு மணி.

எங்கள் நிலையத்தில் சரஸ்வதி பூசை பெரிய விசேஷம். பூசையன்று காலை சார் பட்டு வேட்டியில் வந்து, அலமாரியைத் திறந்து, மூன்று தொகுதிகளையும் மேசையில் அடுக்கி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பட்டுத் துணி போர்த்தி வைத்தார். நாங்கள் பின்னால் கைகூப்பி நின்றோம். துணியின் ஓரத்தைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு தொகுதிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பிறகு கணினிகளுக்கு. படம் போட்டுப் பார்க்க வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்திருந்த தொலைக்காட்சிப் பெட்டிக்கும் ஒன்று. கடைசியில் ரவீனைப் பார்த்து, "ஒன்னோட சிடி எங்க? அதுவும் வித்தைதான, கொண்டா" என்றார். ரவீனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தான்.

சார் குறுந்தட்டை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தார். ஒரு பக்கம் எழுத்து அச்சாகியிருந்தது. மறுபக்கம் வெறுமையாகப் பளபளத்தது. எழுத்து என்பது சரஸ்வதியே அல்லவா, அதன்மேல் பொட்டு வைத்து மறைக்கலாமா? பக்திமான். குறுந்தட்டைத் திருப்பி, பளபளக்கும் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தி ஒரு சந்தனப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் இட்டார். பிள்ளைக்குக் கண்ணேறு படாமல் இருக்க வைப்பார்களே, அத்தனை அன்பாக. குறுந்தட்டு பேசுவதே அந்தப் பக்கத்தால்தான் என்பது அவருக்குத் தெரியாது. ரவீனுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. பூசை நேரத்தில் யார் திறப்பார்கள்?

சுண்டல் சாப்பிட்டு முடித்ததும் சார் கிளம்பினார். வீட்டில் ஒரு பூசை, தம்பின் டவுனில் அக்காள் வீட்டில் ஒரு பூசை. நாளைக் காலை தானே வந்து எடுக்கும்வரை புத்தகத்தை யாரும் தொடக் கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னார். அப்படியானால் கணினியைத் தொடலாமா என்று கேட்டேன். அன்று ஆயுதங்களுக்கும் ஓய்வு அல்லவா? சார் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இன்னைக்கு வித்தைக்குத்தான் ஓய்வு. வேலைக்கு இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பத்து மணிக்குத் தொலைக்காட்சியை இணைத்துப் படத்தை ஓடவிட்டோம். அதுவரை கணினித் திரையில் மட்டுமே பார்த்திருந்தோம். அதில் எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போகும். தொலைக்காட்சியில் ஆள் நடந்து வந்தான், வால்வின் பக்கத்தில் நின்றான், சக்கரத்தைப் பிடித்தான். சக்கரத்துக்கு வலிப்பு வந்துவிட்டது. முன்னால் கொஞ்சம் போய், பின்னால் கொஞ்சம் வந்து, நடுநடுவே உதறியது. வலப்பக்கம் சுற்றுகிறதா இடப்பக்கம் சுற்றுகிறதா என்று வரைந்த எனக்கே தெரியவில்லை. இதைப் பார்த்து ஒருவன் குழாயைக் கழற்றினால் என்ன ஆகும்?

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் காலத்துத் தொலைக்காட்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது ஒரு படத்தை ஒரே வீச்சில் காட்டாது. ஒற்றைப்படை வரிகளை ஒருமுறை, இரட்டைப்படை வரிகளை ஒருமுறை எனப் பாதி பாதியாகக் காட்டும். எந்தப் பாதி முதலில் என்பதில் கணினியும் தொலைக்காட்சியும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அசைகிற பொருள் உதறும். மென்பொருளில் இதற்கென்று ஒரு தெரிவு இருந்தது. 'ஒற்றை முதலில்', 'இரட்டை முதலில்'. முதல் தொகுதியில் அதைப் பற்றி ஒரே வரிதான். அதை நானே என் நோட்டில் எழுதியிருந்தேன். அந்த வரியின் முடிவில், விளக்கத்துக்கு மூன்றாம் தொகுதி காண்க என்று இருந்தது. நானும் காணலாம் என்றுதான் காத்திருந்தேன்.

சக்கரம் வரும் பகுதியைக் கணினி திரும்ப வரைந்து முடிக்கப் பதினேழு மணி நேரம் வேண்டும். மாலை ஆறுக்குள் ஆரம்பித்தால்தான் மறுநாள் பதினொரு மணிக்குத் தயாராகும்.

ரவீன் தன் ஆயுதத்தை எடுத்தான். குறுந்தட்டின் பொட்டு அதற்குள் காய்ந்து ஓடாகிவிட்டது. நான் ஈரத்துணி எடுத்து வருவதற்குள், இருபது காசு நாணயத்தால் சுரண்டிவிட்டான். சந்தனத்தோடு கொஞ்சம் குறுந்தட்டும் வந்தது. கணினிக்குள் போட்டதும் அரிசி அரைப்பது போல ஒரு சத்தம். பொருளடக்கம் வர அரை மணி நேரம். அங்கிருந்து ஒவ்வொரு பக்கமும் நின்று நின்று வந்தது. நடுவில் இரண்டு முறை கணினி மயக்கம் போட்டது. ஒன்றரை மணிக்கு, நாங்கள் தேடிய பக்கம் திரையில் முழுசாக வந்தது. ஆங்கிலத்தில் இரண்டே வரி. தொலைக்காட்சிக்கான வரி வரிசை பற்றி அச்சுக் கையேட்டின் மூன்றாம் தொகுதியைப் பார்க்கவும்.

ரவீன் அதை மூன்று முறை வாசித்தான். பிறகு முதல் தடவையாக, மரியாதையோடு, பட்டுத் துணியைத் திரும்பிப் பார்த்தான்.

சார் வீட்டுக்குத் தொலைபேசி போட்டேன். தம்பினுக்குக் கிளம்பிவிட்டதாக அவர் மனைவி சொன்னார். அக்காள் வீட்டில் தொலைபேசி இல்லையாம். இப்போது எங்களுக்கு முன்னால் மூன்றாம் தொகுதி. ஆண்டின் மற்ற நாளெல்லாம் பூட்டுக்குள் இருப்பது, இன்று ஒரு நாள் மட்டும் பூட்டில்லாமல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தொடக் கூடாத நாளும் அந்த ஒரே நாள்தான்.

"நீ எடு" என்றேன் ரவீனிடம்.

"நான் தொட மாட்டேன்க்கா. அடுத்த மாசம் எனக்குப் பரீட்ச ஈக்குது" என்றான். புத்தகமெல்லாம் மியூசியத்துக்குப் போகும் என்று சொன்ன அதே ஆள்.

எனக்கும் பயம்தான். ஆனால் என் பயம் சரஸ்வதியிடம் இல்லை. அவள் கோபித்துக்கொண்டால் படிப்பு வராது, அவ்வளவுதானே? சார் கோபித்துக்கொண்டால் கடிதம் வராது. படம் உதறினாலும் கடிதம் வராது. எப்படிப் பார்த்தாலும் நுண்ணோக்கி. எடுப்பது என்று முடிவு செய்தேன். அப்புறம் நான் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பின்கட்டுக்குப் போய்க் கை கழுவினேன். துண்டில் துடைத்தேன். பதிவேட்டைத் திறந்து, பெயர், தொகுதி மூன்று, எடுத்த நேரம் இரண்டு மணி ஐந்து நிமிடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திருடுகிறவள் வருகைப் பதிவு போட்டுவிட்டுத் திருடிய கதை வேறெங்கும் நடந்திருக்காது.

எழுதும்போதே ஒன்று உறுத்தியது. பதிவேட்டில் தொகுதி எண் எழுதும் பத்தியில் எல்லாமே ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று. மூன்று என்று எழுதிய முதல் ஆள் நான்தான்.

துணியை விலக்கி அடியிலிருந்து மூன்றாம் தொகுதியை உருவினேன். கை வழுக்கியது. புத்தகம் கடையிலிருந்து வந்த மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் அப்படியே இருந்தது. உறையின்மேல் மூன்று சந்தனப் பொட்டுகள். இரண்டு காய்ந்து வெளுத்தவை, ஒன்று அன்று காலையில் வைத்தது. மூன்று ஆண்டுப் பூசை. எல்லாம் மூணாவது வால்யூம்ல இருக்கு என்று எங்களை வாயடைக்க வைத்த மனிதர், அதன் முதல் பக்கத்தைக்கூடப் பார்த்ததில்லை. ரவீன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். நகத்தால் உறையைக் கிழித்தேன்.

அத்தியாயம் இருந்தது. நிறையப் படங்களோடு நன்றாகவே இருந்தது. தொலைக்காட்சியின் வரி, பாதிப் பாதி, உதறல், எல்லாம் விளக்கியிருந்தார்கள். கடைசிப் பத்தி: இரண்டில் எது சரி என்பது உங்கள் கணினியில் உள்ள வீடியோ அட்டையைப் பொறுத்தது, அண்மைய விவரங்களுக்கு மின்வழிகாட்டிக் குறுந்தட்டைப் பார்க்கவும்.

இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். எங்கோ ஒரு நாட்டில் புத்தகம் எழுதியவனும் குறுந்தட்டு செய்தவனும் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்திருப்பார்கள். ஒருவனை ஒருவன் நம்பி இருவரும் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த இருவரையும் என் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். தோட்டத்தில் வளர்ந்தவள், எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை.

திட்டி முடித்தபோது மணி மூன்றரை. எழுந்து என் நோட்டை எடுத்துப் புரட்டினேன். 'ஒற்றை முதலில்', 'இரட்டை முதலில்'. என் கையெழுத்துதான். இப்போது இருப்பது ஒற்றை. அப்படியானால் மிச்சம் இருப்பது இரட்டை. வேறு என்ன இருக்கிறது? மாற்றிவிட்டு, முழுப் பகுதியும் வேண்டாம், சக்கரம் திரும்பும் பத்தே பத்துத் தனிப்படங்களை மட்டும் வரையச் சொன்னேன். அரை மணி நேரம். தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடவிட்டோம். சக்கரம் வலப்பக்கம் சுற்றியது. உதறவே இல்லை.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, வெட்கம்தான் வந்தது. காலை பத்து மணிக்கே இதைச் செய்திருக்கலாம். இரண்டே தெரிவு. ஒன்று சரியில்லை என்றால் மற்றது. எட்டு ஆண்டுகள் இந்தத் தட்டா அந்தத் தட்டா என்று பார்த்தே பிழைத்தவளுக்கு இது தோன்றவில்லையே. புத்தகத்தில் எழுதியிராத எதையும் தொடாதே என்று ஐந்து மாதம் கேட்டுக் கேட்டு, கைக்கு எட்டிய இடத்தில் இருந்த பொத்தானைக்கூட அனுமதி இல்லாமல் அமுக்கப் பயந்திருக்கிறேன். ரவீனும் அப்படித்தான். அவனுக்கு அனுமதி கொடுக்க வேண்டியது குறுந்தட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். ஐந்து மணிக்கு முழுப் பகுதியையும் வரையவிட்டு, புத்தகத்தை உறையில்லாமல் துணிக்கடியில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குச் சார் வந்தார். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, துணியை விலக்கினார். அன்று ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு வரியாவது வாசிக்க வேண்டும் என்பது அவர் வழக்கம். முதல் தொகுதியில் ஒரு வரி, இரண்டாம் தொகுதியில் ஒரு வரி வாசித்தார். மூன்றாம் தொகுதியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கட்டைவிரல் அட்டையைத் தடவியது. முன்பெல்லாம் அதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியில் ஒற்றிவிட்டு வைத்துவிடுவார் என்று ரவீன் பிறகு சொன்னான்.

யார் கிழித்தது என்று அவர் கேட்க வேண்டும். கேட்டால், கிழிக்க அங்கே ஒன்று இருந்தது என்று ஆகிவிடும். நான் அந்தக் கேள்விக்காகக் காத்து நின்றேன். அவர் பதிவேட்டின் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பைண்டிங்கு கொஞ்சம் லூசாயிருச்சு. நாமதான் ரொம்பப் பொரட்டிட்டோம்" என்று சொல்லிவிட்டு, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து கணீரென்று ஒரு வரி வாசித்தார்.

குத்தகையாளரின் பாதுகாப்பு அதிகாரி என்சிக் ரஹ்மான் சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார். படத்தை மூன்று முறை போட்டுப் பார்த்தார். சக்கரம் சுற்றும்போது அவருடைய கையும் காற்றில் வலப்பக்கம் சுற்றியது. அதற்குமேல் எனக்கு வேறு பாராட்டு வேண்டியிருக்கவில்லை. ரவீனுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, நேற்று இது எப்படி உதறியது தெரியுமா என்று மலாயில் ஆரம்பித்துவிட்டான். அதிகாரிக்கு ஆர்வம் வந்துவிட்டது. எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்டார்.

ரவீன் என்னைப் பார்த்தான். சாரும் என்னைப் பார்த்தார். சாரின் சட்டைப் பையில் நீளமான உறை ஒன்று எட்டிப்பார்த்தது. அது எனக்கான கடிதம் என்று எனக்குத் தெரியும்.

"சொல்லு புஷ்பா" என்றார் சார். "எப்படிக் கண்டுபுடிச்ச?"

மாற்றிப் பார்த்தேன் சார், ரெண்டே ரெண்டு வழிதான் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஒரு மூச்சில் சொல்லி முடிகிற உண்மை.

"மூணாவது வால்யூம்ல இருந்துச்சு சார்" என்றேன்.

சார் மெல்லத் தலையாட்டினார். மூன்று ஆண்டுகளாகத் தான் சொல்லி வந்ததற்கு அன்றுதான் சாட்சி கிடைத்தது அவருக்கு. அன்று மத்தியானமே கடிதம் என் கைக்கு வந்தது. அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, சாமி மேடையில் வைத்தார். என் கண் பிழைத்தது.

நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி, சார் ஒரு புதிய விதி போட்டார். இனிமேல் வேலைக்கு வருகிறவர்கள் முதல் தொகுதியை மட்டுமல்ல, மூன்றாம் தொகுதியையும் முழுசாகக் கையால் எழுத வேண்டும். எழுதி முடித்தபிறகுதான் கணினி. என் பெயர் இருந்த பதிவேட்டுப் பக்கத்தை ஒவ்வொருவரிடமும் திறந்து காட்டுவார்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி லெட்சுமி. பெம்பான் பக்கத்துத் தோட்டத்துப் பெண், பத்தொன்பது வயது. என்னைவிடக் கெட்டிக்காரி, அதை முதல் வாரமே கண்டுகொண்டேன். மூன்றாம் மாதம் ஒரு நாள், சார் இல்லாத நேரத்தில் நான் வேலை செய்வதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிழல் விழுவதில் எனக்கு ஏதோ தகராறு.

"அக்கா, அந்த ரெண்டாவது பட்டன அமுக்கிப் பாத்தா என்னா ஆவும்?" என்று கேட்டாள்.

அமுக்கிப் பார் என்று நாற்காலியை அவளிடம் கொடுத்திருக்க வேண்டும். உலகத்திலேயே அந்தப் பதிலைச் சொல்லக் கடமைப்பட்டவள் நான்தான். ஆனால் அதைச் சொன்னால், அன்று நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்ற அடுத்த கேள்வி வரும். அவள் கேட்காமல் விடமாட்டாள்.

"மொதல்ல எழுதி முடி" என்றேன். "எல்லாம் மூணாவது வால்யூம்ல இருக்கு."

மேலும் ஒரு மாதம் எழுதினாள். பிறகு வரவில்லை. சில வாரம் கழித்து, செங் தொழிற்சாலை வேனில் சன்னலோரம் அவளைப் பார்த்தேன். நான் கையசைத்தேன். அவள் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.